சரிவில் கட்டிப்போட்ட திருடன்

வெண்முகட்டு நாட்டில் சமதரை என்று சொல்ல அரண்மனை முற்றம் ஒன்றுதான் உண்டு. மற்றதெல்லாம் சரிவு. அந்தச் சரிவில்தான் குடியானவர்கள் துண்டு துண்டாக நிலம் திருத்தி, கேழ்வரகும் சாமையும் அவரையும் விளைவித்து, தாங்களும் சாப்பிட்டு, மன்னர் செங்கோடருக்கும் வரியாக அளந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் வந்த கேழ்வரகு அரண்மனை யானைக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணவில்லை. யானை மன்னரைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. மன்னர் சபையைக் கூட்டினார்.

பேரமைச்சர் வில்லவராயர் எழுந்தார்.

"மன்னா, மழை பெய்தது. வெயில் அடித்தது. விதைத்தும் இருக்கிறார்கள். அப்படியும் விளையவில்லை என்றால் நிலத்தின் வளத்தை யாரோ திருடிவிட்டார்கள் என்று அர்த்தம். குடியானவர்களைத் தவிர அங்கே வேறு யார் இருக்கிறார்கள்? அவர்களை மலையை விட்டு இறக்கிவிட்டு நிலத்தை என் மைத்துனரிடம் ஒப்படையுங்கள்."

மைத்துனருக்கு விவசாயம் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அமைச்சரின் மைத்துனருக்குத் தெரியாதது என்று ஒன்று இருக்க முடியாது.

"கொஞ்சம் பொறுங்கள், மன்னா" என்றார் அம்பலக்கூத்தர். சபையில் கூத்தருக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மன்னர் அவசரப்படும்போது குறுக்கே பேசுவதுதான் வேலை என்று அவராகவே வைத்துக்கொண்டிருந்தார். "திருட்டு என்றால் விசாரிக்க வேண்டாமா?"

மன்னருக்குச் சுருக்கென்றது. "அப்படியானால் நீரே விசாரியும். மழைக்காலம் முடிவதற்குள் திருடனை அவன் திருடிய இடத்திலேயே கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் குடியானவர்களோடு நீரும் மலையை விட்டு இறங்க வேண்டியதுதான்."

வில்லவராயர் புன்னகைத்தார். "பிறகு கட்டக் கயிறு கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்வார், மன்னா. கட்டுவதற்கு என்ன தேவையோ, அதை யார் வீட்டிலிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆணையில் சேர்த்துவிடுங்கள்."

சேர்த்துவிட்டார்கள்.

கூத்தர் மலையேறினார். இறங்க நேர்ந்தால் எங்கே போவது? சமவெளியில் அவருக்குச் சொந்தக்காரர் யாரும் கிடையாது. வெயிலும் ஒத்துக்கொள்ளாது. போதாததற்கு மழை பிடித்துக்கொண்டது.

கீழ்ச்சரிவில் மாசாணன் என்ற குடியானவன் மழையில் நனைந்தபடி தன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏனப்பா, எரு போடவில்லையா?" என்று கேட்டார் கூத்தர்.

"ரெண்டு எருமை நிக்குது சாமி, போடாம இருப்பேனா? போட்ட எரு அடுத்த மழைக்கு ஆத்துல போகுது. மேல்மண்ணும் சேர்ந்து போகுது. கீழே இருக்கற நொறுங்கல்லுதான் மிச்சம். அதுல என்ன விளையும்?"

"முன்பெல்லாம் விளைந்ததே?"

"முன்ன சரிவுக்குக் குறுக்கால வரிசை வரிசையா கல்லுவரப்பு இருந்துச்சு. மண்ணு அதுல தங்கும். அமைச்சர் ஆளுங்க வந்து அத்தனையும் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. அவரு மாளிகைக்கு மதில் கட்டணுமாம்."

"நீங்கள் தடுக்கவில்லையா?"

மாசாணன் முதுகைத் திருப்பிக் காட்டினான். சவுக்குத் தழும்புகள் தோளிலிருந்து இடுப்பு வரை இறங்கியிருந்தன. "இனி கல்லைத் தொட்டா கை இருக்காதுன்னும் சொல்லிட்டுப் போனாங்க" என்றான்.

கூத்தர் குனிந்து பார்த்தார். அவர் காலடியில் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு, எருவையும் உருட்டிக்கொண்டு, யாரையும் சட்டை செய்யாமல் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவருக்கு கவலை போய், கோபம் வந்தது. கோபத்தோடு கொஞ்சம் சிரிப்பும் வந்தது.

"மாசாணா, உன் ஆட்களைக் கூப்பிடு. எருமைகளையும் ஓட்டிக்கொள். கட்ட வேண்டிய வேலை இருக்கிறது" என்றார்.

வில்லவராயர் அப்போது மைத்துனருக்குப் பெண் பார்க்க வெளிநாடு போயிருந்தார். ஊர் திரும்பியபோது மாளிகை இருந்தது, மதில் இல்லை. வந்த வேகத்தில் மன்னரைப் பல்லக்கோடு இழுத்துக்கொண்டு மலைக்கு வந்துவிட்டார். மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது.

"கூத்தரே, திருடன் எங்கே?" என்றார் மன்னர்.

"அதோ, மன்னா." கூத்தர் சரிவைக் காட்டினார். குறுக்கே வரிசை வரிசையாகக் கல்வரப்புகள். ஒவ்வொன்றின் பின்னாலும் தண்ணீர் தேங்கி, மண்ணைப் படியவிட்டு, தெளிந்து, மெல்ல வடிந்துகொண்டிருந்தது. "வளத்தைத் திருடியது இந்த ஓடும் தண்ணீர்தான். திருடிய இடத்திலேயே கட்டிப்போட்டிருக்கிறேன்."

"மழை வானம் கொடுக்கும் கொடை! அதைத் திருடன் என்பதா?" என்று கத்தினார் வில்லவராயர்.

"வரும்போது கொடைதான், அமைச்சரே. போகும்போது கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்." பக்கத்துச் சரிவில் வரப்பு இல்லை. அங்கிருந்து இறங்கிய ஓடை ரத்தச் சிவப்பாக ஓடியது. "அங்கே இன்னும் பிடிபடவில்லை. கல் தீர்ந்துவிட்டது."

மன்னர் இரண்டு ஓடைகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அந்தக் கல் ஏது?" என்றார்.

"தண்ணீரைக் கயிற்றால் கட்ட முடியவில்லை, மன்னா. ஆணைப்படி அமைச்சர் வீட்டு மதிலை எடுத்துக்கொண்டேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, கற்களுக்குத் தங்கள் பழைய இடம் நினைவிருக்கிறது. வைத்ததும் அப்படியே பொருந்திவிட்டன."

மன்னருக்குப் புரிந்தது. மாசாணனின் முதுகையும் அவர் பார்த்துவிட்டார். வில்லவராயர் மேகங்களைப் பார்த்தார்.

"குடியானவர்கள் இறங்க வேண்டாம்" என்றார் மன்னர். "அந்தச் சரிவுக்கும் அமைச்சர் மாளிகையிலிருந்தே கல் வரும். உமக்கு என்ன பரிசு வேண்டும், கூத்தரே?"

"அரண்மனை லாயத்துச் சாணம், மன்னா. மண் நின்றுவிட்டது. அதற்குச் சாப்பாடு போட வேண்டும். வருஷா வருஷம் இந்த மலைக்கு அனுப்புங்கள்."

"அப்படியே ஆகட்டும்."

வில்லவராயர் பொறுக்க முடியாமல் முன்னால் வந்தார். "எல்லாம் சரி, மன்னா. மதில் இல்லாமல் திறந்து கிடக்கிறதே, என் வீட்டுக்குள் திருடன் புகுந்தால் யார் பொறுப்பு?"

கூத்தர் கைகட்டிப் பணிவாகச் சொன்னார்:

"பயப்படாதீர்கள், அமைச்சரே. வெளித் திருடனைத்தான் கட்டிப்போட்டுவிட்டோமே. இனி வீட்டுக்குள் இருப்பவரை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்."

மன்னர் சிரித்த சிரிப்பில் பல்லக்குத் தூக்கிகள் ஒருமுறை தடுமாறினார்கள்.