மார்ச் மாதத்து டியூப்

தெய்வநாயகி ஒரு கம்பெனியின் சட்டத் துறைத் தலைவர். சமையல் கேஸ் டியூப் செய்யும் கம்பெனி. பதினேழு வருட வேலை. வயது ஐம்பத்தொன்று.

அவருடைய குரு அருளானந்தர் அவரைவிட எட்டு வயது இளையவர். வில்லிவாக்கத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் தனியாகக் குடியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அலுவலகத்தில் யாரிடமும் சொல்லாமல் தெய்வநாயகி குருவிடம் வந்தார். உட்கார்ந்த பிறகும் கைப்பையை மடியிலிருந்து இறக்கவில்லை.

"சுவாமி, பயமா இருக்கு."

"எதுக்கு?"

"என் மேசைக்கு ஒரு அறிக்கை வந்திருக்கு. அதுல என்ன இருக்குன்னு உங்ககிட்டயும் சொல்லக் கூடாது. வக்கீலுக்கும் கட்சிக்காரருக்கும் உள்ள ரகசியம்னு முத்திரை போட்டுப் பூட்டி வைக்கச் சொல்லிட்டார் எம்.டி."

"போட்டுட்டீங்களா?"

"நாளைக்குக் காலையில போடணும். போடலைன்னா வேலை போயிடும். வெளியில சொன்னா வக்கீலாவே இருக்க விடமாட்டாங்க."

"போட்டா?"

தெய்வநாயகி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

சோதனைக்கூடம் அனுப்பிய அறிக்கை அது. மார்ச் மாதம் செய்த டியூப்கள் அடுப்புச் சூட்டில் உள்பக்கமாக விரிசல் விடுகின்றன. வெளியே பார்த்தால் தெரியாது. அவை ஏற்கெனவே வீடுகளுக்குப் போய்விட்டன.

குரு எழுந்தார். "டீ போடறேன். குடிச்சிட்டுப் பேசலாம்."

சமையல் மேடை அந்த அறையிலேயே இருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். அப்போதுதான் தெய்வநாயகி பார்த்தார். அடுப்புக்கும் சிலிண்டருக்கும் நடுவே புது டியூப். எழுந்து போய்க் குனிந்து படித்தார். கம்பெனிப் பெயருக்குக் கீழே மார்ச் என்று அச்சாகியிருந்தது.

"எனக்கு டீ வேண்டாம் சுவாமி."

"எனக்கு வேணும்."

குரு ரெகுலேட்டரைத் திருப்பினார். லைட்டரைக் கையில் எடுத்தார்.

தெய்வநாயகி ஓரடி முன்னால் வந்து நின்றுவிட்டார். சொன்னால் ரகசியத்தை உடைத்தவர் ஆவார். லைட்டர் ஒருமுறை சொடுக்கியது. பற்றவில்லை.

"பத்த வைக்காதீங்க."

"ஏன்?"

"சொல்லக் கூடாது."

குரு ரெகுலேட்டரை மூடினார். ஜன்னலைத் திறந்துவிட்டார். காரணம் கேட்கவில்லை.

"பக்கத்து வீட்டுலயும் இதே டியூப்தான்," என்றார். "ஒரே நாள்லதான் வாங்கினோம்."

தெய்வநாயகி செருப்பில்லாமல் வெளியே ஓடினார். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பினார். மூச்சு வாங்கியது.

"இன்னும் எத்தனை கதவு?" என்று கேட்டார் குரு.

"நான் என்ன பண்ண முடியும்? கட்சிக்காரரைக் காட்டிக்கொடுக்க முடியாது சுவாமி."

"உங்க கட்சிக்காரர் யாரு?"

"கம்பெனி."

"பூட்டச் சொன்னது?"

"எம்.டி."

கம்பெனி வேறு, எம்.டி. வேறு என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் காலை தெய்வநாயகி முத்திரை போடவில்லை. கம்பெனியின் இயக்குநர்கள் ஏழு பேருக்கும் அறிக்கையை அனுப்பினார். விற்பனையை நிறுத்த வேண்டும், விற்றதைத் திரும்ப வாங்க வேண்டும் என்று கூடவே ஒரு கடிதம். அதில் தானே கையெழுத்துப் போட்டார்.

எம்.டி. கூப்பிட்டார். குரலை உயர்த்தவில்லை. "பதினேழு வருஷம் யார்கிட்ட வேலை பார்த்தீங்கன்னு மறந்துட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

மூன்றாம் நாள் இயக்குநர்கள் கூடினார்கள். நான்காம் நாள் பத்திரிகைகளில் அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தின நாள் அரக்கோணத்தில் டியூப் தீப்பிடித்து ஒரு பெண்ணுக்கு இரண்டு கைகளும் வெந்திருந்தன. வேறெங்கும் எதுவும் நடக்கவில்லை. டியூப்கள் மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. மாதக் கடைசியில் தெய்வநாயகியை ராஜினாமா செய்யச் சொன்னார்கள்.

அவர் மறுபடி மாடியேறினார்.

"வேலை போச்சு சுவாமி. வேற எங்கேயும் சேர்க்க மாட்டாங்கன்னு பேசிக்கறாங்க. அரக்கோணத்துக்காரம்மா முகம் தெரியாது, ஆனா கண்ணை மூடினா அவங்க கை வருது. பயம் மட்டும் போகவே இல்லை."

குரு ஒரு டம்ளர் தண்ணீரை அவர் முன் வைத்தார்.

"எம்.டி.யைப் பார்க்கறேன். அவருக்கு அன்னிக்கும் பயமில்லை, இன்னிக்கும் இல்லை. அப்படி இருக்க எனக்கு எப்ப வரும்?"

"அந்த அறிக்கையைப் பூட்டச் சொன்னது," என்றார் குரு, "பயமில்லாத ஒருத்தர்தானேம்மா."