சிந்திய கதிர்

"என்னை ஏன் ஒரு நாள்கூட உட்கார வெச்சுச் சொல்லிக் குடுக்கல, ஐயா?"

கேட்டவள் தவமணி. அந்த மடத்தில் வருஷக்கணக்காகச் சோறாக்குகிறவள். கூடத்தில் மாசிலாமணி ஐயா பையன்களுக்கு ஆங்கிலம் நடத்துவார். இவள் அடுக்களையில் உலை வைத்தபடியே, காதில் விழுந்ததைப் பிடித்துக்கொண்டு படித்தாள். இப்போது ஓர் ஆங்கிலப் புத்தகத்தையே தமிழாக்கிவிட்டாள்.

"பொம்பளைக்குப் பாடம் சொல்லக்கூடாதுன்னு மடத்துல சட்டம். தெரிஞ்சா உன் வேலை போயிருக்கும்."

"அப்ப எனக்குக் குருவே கிடையாதுன்னு முன்னுரையில எழுதிடறேன். நாளைக்கு அச்சுக்குப் போகுது."

"எழுதிக்கோ."

இந்த மனுஷர் எப்போதும் இப்படித்தான். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னால் நாக்குத் தேய்ந்துவிடும்.

'நீயும் என் மாணவிதான்' என்று சொல்வார் என்று நினைத்துத்தான் தவமணி வந்திருந்தாள்.

"ஒரே ஒரு சொல் மட்டும் பாக்கி. கிளீன். சுத்தம் பண்றது இல்ல, இது ஜி எழுத்துல ஆரம்பிக்குது. விவரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்க்கறதுன்னு அகராதியில போட்டிருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு புரியல."

ஐயா செருப்பை மாட்டினார்.

"வா."

மடத்து வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அறுக்கிறவர்களுக்குப் பின்னால் மெலிந்த ஒருத்தி, சிந்திய கதிர்களைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு வந்தாள்.

"அதோ, அவ செய்யறாளே, அதுதான் அந்தச் சொல்லு. பிரெஞ்சு வழியா வந்தது. முதல்ல வயல்லதான் இருந்துச்சு, அப்புறம்தான் படிப்புக்கு வந்துச்சு."

"என்னை மாதிரிதான். கீழே கிடந்ததைப் பொறுக்கிக்கிட்டேன். யாரும் குடுக்கல."

ஐயா, அறுக்கிறவர்களில் ஒருத்தியாக அரிவாளோடு குனிந்திருந்த செண்பகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பிடியிலிருந்து நாலைந்து கதிர் நழுவியது. கொஞ்சம் தள்ளி, மறுபடியும் நழுவியது.

"என்ன செண்பகம், கை ஓட்டையா?" என்று கேட்டார் ஐயா.

செண்பகம் மேற்பார்வைக்காரர் நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"காட்டிக் குடுத்துடாதீங்க சாமி. பின்னால வர்றது எங்க சின்னம்மா. கையில குடுத்தா வாங்காது, ரோஷக்காரி. தானாப் பொறுக்கினதா நெனச்சுக்கிட்டுப் போகட்டும்."

தவமணி வரப்பிலேயே நின்றுவிட்டாள்.

கூடத்தில் எவ்வளவோ இடம் இருந்தது. ஐயா மட்டும் அடுக்களை ஜன்னலை ஒட்டியே உட்காருவார். புகையில் கண் சிவந்து நீர் வடியும். இடம் மாற மாட்டார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை உரக்கப் படிப்பார். ஐயாவுக்கு மறதி என்று பையன்கள் சிரிப்பார்கள். அடுக்களையில் இவளும் சேர்ந்து சிரிப்பாள்.

"ஐயா..." கை தானாகக் குவிந்தது. "நீங்க ரெண்டு ரெண்டு தடவை படிப்பீங்களே..."

"நீ தாளிக்கிறப்ப கடுகு வெடிக்கிற சத்தத்துல உனக்கு ஒண்ணும் கேட்காதே," என்றார் ஐயா. "அதான், அடங்கினப்புறம் இன்னொரு தடவை."