ஐம்பத்துநாலு டிகிரிக் கம்பளி

"ஐம்பத்திநாலு பத்தாது, சிஸ்டர்."

வீரபத்திரன் இதைச் சொல்வது அன்றைக்கு மூன்றாவது தடவை. சிஸ்டர் ரெஜினா கம்பளி மடித்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு மலையூர் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் முடிந்தவர்களைக் கொஞ்ச நேரம் படுக்கவைக்கும் அறையில் ஓர் அலமாரி உண்டு. உள்ளே வைத்த கம்பளிகளைச் சூடாகவே வைத்திருக்கும். வார்மர் என்பார்கள். அதன் திருகு ஐம்பத்துநாலு டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது சிஸ்டரின் கட்டளை.

சிஸ்டருக்கு வயது முப்பத்தாறு. வீரபத்திரனுக்கு நாற்பத்தெட்டு. இருபது வருஷம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு ஆபரேஷன் தியேட்டர் வேலை கற்றுக்கொள்ள வந்திருந்தார். சிஸ்டர் கையெழுத்துப் போட்டால்தான் அந்த வேலை அவருக்கு. நல்ல மனுஷன். அவருடைய இரக்கத்துக்குத்தான் கொஞ்சம் அவசரம் அதிகம்.

"பல்லு கிட்டிப்போய் நடுங்குறாங்க. பாக்க முடியல. மெஷின்ல எழுபது வரைக்கும் இருக்குல்ல? எதுக்கு வெச்சிருக்கான்?"

"வெச்சவன் இங்க வந்து படுக்கப் போறதில்ல, அண்ணே."

"அப்ப குளிருக்கு என்ன பண்றது?"

"ஒண்ணு ஆறிட்டா இன்னொண்ணு போடுங்க."

"எழுபதுல வெச்சா என்னதான் ஆகும்?"

சிஸ்டர் மடித்த கம்பளியை உள்ளே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வீரபத்திரனுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை சிஸ்டர் வருவதற்கு முன்பே திருகை எழுபதில் வைத்தார்.

பத்து மணிக்குப் பாப்பாத்தியை வெளியே கொண்டுவந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக்காரி. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து, கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். கட்டிலே ஆடும்படி நடுங்கினாள்.

வீரபத்திரன் மடித்த கம்பளியை மடித்தபடியே அவள் கால்மேல் வைத்து, ஓரங்களை இறுக்கிச் செருகினார்.

"நல்லா இருக்காம்மா?"

"நல்லா இருக்குங்க."

சீருடைக்காரர் எது கேட்டாலும் தோட்டத்து ஜனங்கள் சொல்கிற பதில் அது. அவருக்கு மட்டும் அன்றைக்கு அது தேனாக இருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தார்.

வார்மர் முன்னால் சிஸ்டர் நின்றிருந்தார்.

"இதுலேர்ந்து எதையாவது எடுத்தீங்களா?"

"இல்லியே."

கையெழுத்து ஞாபகத்துக்கு வந்து, வாய் அப்படிச் சொல்லிவிட்டது.

சிஸ்டர் திருகை ஐம்பத்துநாலுக்கு இறக்கினார். திட்டவில்லை. ஒரு கம்பளியை உருவினார்.

"செருப்பைக் கழட்டிட்டு உக்காருங்க, அண்ணே."

உட்கார்ந்தார். மடித்த கம்பளி அவர் பாதங்களின் மேல் வந்து உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு?"

"சொர்க்கம்."

"சரி, இருக்கட்டும்."

சிஸ்டரும் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

மடிப்புக்குள் இருந்த சூடு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. வீரபத்திரன் விரல்களை அசைத்தார். இவ்வளவு பேசிவிட்டு இப்போது தோற்பதா என்று பல்லைக் கடித்தார். கடித்த பல்லை எடுப்பதற்குள் இரண்டு கால்களும் வெளியே வந்துவிட்டன. கம்பளி தரையில் கிடந்தது.

"ஏன் எடுத்தீங்க?"

"நான் எங்க எடுத்தேன்? காலு தானா இழுத்துக்கிச்சு."

சிஸ்டர் குனிந்து கம்பளியை எடுத்தார்.

வீரபத்திரன் தன் காலையே பார்த்தார். கம்பளியைச் செருகும்போது பாப்பாத்தியின் கால் ஓர் இம்மிகூட அசையவில்லை. அதைப் பார்த்துத்தான் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"பொய் சொல்லிட்டேன் சிஸ்டர். ஒண்ணு எடுத்தேன்."

சொல்லிக்கொண்டே வெறுங்காலோடு ஓடினார். திரையை விலக்கிக் கம்பளியைப் பிடுங்கி எறிந்தார்.

இரண்டு பாதங்களும் கன்றிச் சிவந்திருந்தன. கொப்புளம் இல்லை. பின்னாலேயே வந்த சிஸ்டர் துணியைத் தண்ணீரில் நனைத்து அதன்மேல் போட்டார்.

வீரபத்திரன் தலைமாட்டுக்குப் போனார்.

"அம்மா, காலு சுட்டுச்சா?"

பாப்பாத்தி மரியாதையாகச் சிரித்தாள்.

"எந்தக் காலுங்க, சார்?"