வீடியோ இருக்க நீ எதற்கு?

கல்லூரியில் பிரெஞ்சு சொல்லித்தரும் தற்காலிக ஆசிரியை நிலோஃபர், இலக்கணத்தையெல்லாம் வீடியோவாக்கி வீட்டிலேயே பார்க்கச் சொல்லிவிட்டு, வகுப்பில் பிள்ளைகளைப் பேசவிட்டாள். சத்தமென்றால் அப்படியொரு சத்தம். முதல்வர் குமாரவேலனார் வகுப்புக்கே வந்துவிட்டார்.

“உன் வீடியோ அத்தனையும் பார்த்தேன்மா. எனக்கே நல்லாப் புரியுது. அப்புறம் நீ எதுக்கு? நாளையிலிருந்து வராதே.”

“சரி சார். போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. முன் பெஞ்சுல இருக்கிற இந்தப் பொண்ணுகிட்ட உங்க பேரை பிரெஞ்சுல சொல்லிடுங்க. முதல் வீடியோவே அதுதான்.”

முதல்வர் தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வகுப்பே அவர் வாயைப் பார்த்தது.

“பார்த்தேன்தான். வாய்விட்டுப் பேசிப் பழகலையேம்மா.”

“இவங்க பழகுற சத்தம்தான் சார் உங்க ரூம் வரைக்கும் கேட்டது. அதுக்குத்தான் நான்,” என்றாள் நிலோஃபர். “நாளைக்கும் வருவேன்.”