ராஜாவைப் பூட்டிய பாதுகாப்பு

குறும்பொறை நாட்டு ராஜா பொன்னம்பலச் சேதிராயருக்குக் கம்ப்யூட்டர் என்றால் கொள்ளை ஆசை. நெல் கிடங்கு, யானைக் கொட்டில், மருந்துச்சாலை என்று எல்லா இடத்திலும் கம்ப்யூட்டர்தான். மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அத்தனையையும் பார்த்துக்கொண்டவள் அமிர்தவல்லி. எங்கே கோளாறு என்றாலும் தோள்பையை மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

தளவாய் கங்காதரருக்கு இது உறுத்தியது. காவல் என்றால் அது தன் இலாகா அல்லவா? கடல் கடந்து போய் ‘வேங்கைக்கண்’ என்றொரு ஆன்டிவைரஸ் வாங்கி வந்து எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றினார்.

“மகாராஜா, இது தூங்காது. லஞ்சம் வாங்காது. தப்பே செய்யாது!”

ஒரு செவ்வாய்க்கிழமை காலை நானூற்றுப் பன்னிரண்டு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் இருண்டு போயின. மருந்துச்சாலையில் யாருக்கு எந்த மருந்து என்று தெரியாமல் வைத்தியர்கள் விழித்தார்கள். வரிசை தெருமுனை தாண்டியது.

சபையில் அமிர்தவல்லி மூச்சு வாங்க நின்றாள்.

“மகாராஜா, வேங்கைக்கண் ஒரு ஃபைலை வைரஸ் என்று நினைத்துப் பூட்டிவிட்டது. அது வைரஸே இல்லை. கம்ப்யூட்டர் கண் திறக்கவே அந்த ஃபைல்தான் வேண்டும்.”

தளவாய் ஒரு தாளை விரித்தார். கம்ப்யூட்டர்கள் அணைவதற்குச் சற்று முன் அச்சாகி வந்த வேங்கைக்கண்ணின் அறிக்கை அது.

“வந்த ஆபத்து ஒன்று. பிடிபட்டது ஒன்று. மீதி பூஜ்யம்! வைரஸை உள்ளே விட்டவளே இவள்தான், மகாராஜா. இப்போது அதற்கு வக்காலத்தும் வாங்குகிறாள்.”

ராஜா தாளைப் பார்த்தார். பூஜ்யம் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது.

“இவளைச் சிறையில் வையுங்கள். தளவாய்க்கு நாளை ‘காவல் திலகம்’ பட்டம்!”

அமிர்தவல்லி அழவில்லை. “மருந்துச்சாலையை மட்டுமாவது சரி செய்துவிட்டுப் போகிறேனே” என்று கேட்டுப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. காவலர் அவளை அழைத்துப் போனார்கள்.

சபையில் மலைக்கொழுந்து என்றொருவர் உண்டு. ராஜாவுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. யோசனை கேட்கும் மனநிலையில் ராஜா இல்லாதபோது என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியும்.

“மகாராஜா, வெறும் பெட்டிகளுக்கே இவ்வளவு உயர்ந்த காவல்! தங்கள் திருமேனிக்கு இது வேண்டாமா?” என்றார்.

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்தது. “அதானே! தளவாயாரே, எழுதும் சட்டத்தை!”

தளவாய் அங்கேயே எழுதினார். ‘ராஜா உறங்கும் அறையின் பக்கம் இரும்போடு வருபவர் யாராயினும் உடனே பிடித்து அடைக்கவும். விசாரணை தேவையில்லை.’ ராஜா முத்திரை குத்தினார். மலைக்கொழுந்து அதை வாங்கி இரண்டு முறை படித்தார். “அருமை. ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்” என்றார்.

பள்ளியறைக் கதவு இரவில் வெளியிலிருந்து சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும்; காலையில் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறப்பது அந்த அரண்மனை வழக்கம். மறுநாள் காலை சாவிக்காரர் பிச்சாண்டி முழ நீள இரும்புச் சாவியோடு வந்தார். பிடித்து அடைத்தார்கள். சமையல்காரர் தோசைத்திருப்பியோடு எட்டிப் பார்த்தார். அவரையும் அடைத்தார்கள்.

விஷயம் கேள்விப்பட்டுத் தளவாய் மாற்றுச் சாவியோடு ஓடி வந்தார். சிப்பாய்கள் அவர் கையையும் முறுக்கினார்கள்.

“டேய், நான் தளவாய்டா!”

“தெரியும் ஐயா. ‘யாராயினும்’ என்று எழுதியிருக்கிறதே. உங்கள் கையெழுத்துதான்.”

வெயில் ஏறியது. ராஜா உள்ளிருந்து கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்து, ஜன்னலுக்கு வந்தார். கீழே மலைக்கொழுந்து ஒரு தாளோடு பணிவாக நின்றிருந்தார்.

“ஓய்! கதவை ஏன் இன்னும் திறக்கவில்லை?”

“திறக்க வந்தவர்களை எல்லாம் பிடித்தாயிற்று, மகாராஜா. இதோ அறிக்கை. வந்த ஆபத்து மூன்று. பிடிபட்டது மூன்று. மீதி பூஜ்யம்.”

“பிச்சாண்டி ஆபத்தா? இருபது வருஷமாக அவன்தானே ஐயா என் கதவைத் திறக்கிறான்! அவன் இல்லாவிட்டால் நான் எப்படி வெளியே வருவது?”

“அமிர்தவல்லியும் நேற்று அந்த ஃபைலைப் பற்றி இதையேதான் சொன்னாள், மகாராஜா.”

ராஜா வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“எனக்குப் பசிக்கிறது” என்றார் ராஜா, கொஞ்சம் தணிந்த குரலில்.

மலைக்கொழுந்து தாளை மேலும் கீழும் பார்த்தார். “பசிக்கு இதில் கட்டம் இல்லையே, மகாராஜா.”

ராஜா முறைத்தார். பிறகு சிரித்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அங்கிருந்தபடியே சட்டம் ரத்து என்று கத்தினார். பிச்சாண்டி வந்து கதவைத் திறந்தார். ராஜா பல்கூடத் துலக்காமல் நேரே சிறைக்குப் போனார்.

“அம்மா அமிர்தவல்லி, தப்பு என்மேல். எவ்வளவு நாளாகும்?”

“ஒவ்வொன்றையும் கையால்தான் எழுப்ப வேண்டும், மகாராஜா. மூன்று நாள் ஆகும். மருந்துச்சாலையிலிருந்து தொடங்குகிறேன்.”

மூன்று நாளும் அவள் தோள்பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தவர் தளவாய் கங்காதரர். காவல் திலகம் பட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மலைக்கொழுந்துக்கு ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் மாலை, கடைசிக் கம்ப்யூட்டர் சபையில் வெளிச்சமாயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். அப்போது திரையின் மூலையில் ஒரு சின்னப் பெட்டி துள்ளி வந்தது.

“என்ன கேட்கிறது அது?” என்றார் ராஜா.

அமிர்தவல்லி படித்தாள். “வேங்கைக்கண்ணின் புதிய பதிப்பு வந்திருக்கிறதாம், மகாராஜா. முன்னைவிட நன்றாகப் பாதுகாக்குமாம். இப்போதே ஏற்றலாமா என்கிறது.”

ராஜா அவசரமாக எழுந்தார்.

“பொறு, பொறு! இன்னொரு பாதுகாப்பா? முதலில் எல்லாரும் சாப்பிட்டு முடியுங்கள்!”