சைபருக்கு மூணு பேர்

ரைஸ் மில் முதலாளி ஆறுமுகநயினாரின் வாலிபால் டீம் அந்த வருஷம் கோப்பையை ஜெயித்திருந்தது. அடுத்த சீசனுக்கு ஆள் மாற்றும் நேரம். பாயிண்ட் பட்டியலைப் பார்த்தவர் ஞானதுரையின் பெயரில் விரலை வைத்தார். லிஃப்டரான அவன் மற்றவர்கள் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுப்பானே தவிர, தன் பேரில் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை.

"அவர் தூக்கிக் கொடுக்காம நம்ம பயலுவ எப்படிய்யா அடிப்பாங்க?" என்றான் நெட் கட்டும் பேச்சிமுத்து. முதலாளிக்குப் பொறுக்கவில்லை.

"பெரிய இவனோ நீ? இந்த சைபரைத் தள்ளிவிட்டுட்டு, அடிக்கிற ஆளு ரெண்டு பேரைக் கொண்டா. இல்லைன்னா நீயும் வராதே."

மூன்றாம் நாள் பேச்சிமுத்து வந்து நின்றான். "கோவில்பட்டியில ரெண்டு பேரைத் தாராங்கய்யா. சாத்தூர்ல மூணு பேரு."

"சைபருக்கு மூணு பேரா? கிறுக்கனுவளா அவனுவ?"

"மூணு பேருன்னதும் நானும் அப்படித்தான் நெனச்சேன்யா. ஆனா நம்மகிட்ட தோத்தவங்க அத்தனை பேரும் அவரைத்தான் கேக்காங்க. ஜெயிச்ச நமக்குத்தான் அவரு வேண்டாம்."

முதலாளி பாயிண்ட் பட்டியலை மடித்து வைத்தார். பிறகு மெல்லக் கேட்டார். "இது ஞானதுரைக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாதுய்யா. ஆனா நம்மகூட அவரு போட்ட ஒப்பந்தம் நாளையோட முடியுது."

அதுவரை யார் வீட்டு வாசலையும் மிதித்தறியாத முதலாளி, எழுந்து செருப்பைத் தேடினார்.