மூன்று ரதம் நிற்கும் வீடு

பூவண்ண ராஜாவுக்குத் திடீரென்று ஒருநாள் கோட்டைக்குள் மூச்சு முட்டியது. ஐம்பது வருஷமாக முட்டாத மூச்சு! காரணம் வேறொன்றுமில்லை. பட்டுவணிகர், ரத்தின வணிகர் என்று காசுள்ளவன் எல்லாம் கோட்டைக்கு வெளியே, ஏரிக்கரைப் பக்கம் புது வீடு வாங்கிக்கொண்டிருந்தான். ராஜாவுக்குப் பொறுக்குமா?

இரண்டு வீடுகள் விலைக்கு வந்தன. ஒன்று பழையது. காற்றோட்டமான கூடம், தாராளமான அடுப்பங்கரை. ரதக்கொட்டகை மட்டும் கொல்லைப்பக்கம். தெருவில் போகிறவன் கண்ணில் படாது. இன்னொன்று மந்திரி வல்லபராயர் தாம் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் கட்டிய புது வீடு. அதில் தெருவைப் பார்த்து மூன்று ரதம் நிற்கும் கொட்டகை, சலவைக்கல் தரை, சரவிளக்கு. மிச்சம் இருந்த இடத்தில் மனிதர்களுக்கும் ஏதோ கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்.

கொட்டகையைப் பார்த்ததும் ராஜாவுக்கு வாயெல்லாம் பல். "அம்பலத்தாடி, எப்படி இருக்கிறது?" என்று அரண்மனை விகடகவியைக் கேட்டார்.

அம்பலத்தாடி அடுப்பங்கரையிலிருந்து வெளியே வந்தான். உடம்பெல்லாம் சுண்ணாம்பு. "குதிரைகள் கொடுத்துவைத்தவை, மகாராஜா. மகாராணியார்தான் பாவம். உள்ளே ஒருவர் குனிந்தால் இன்னொருவர் வெளியே போய் நிற்க வேண்டும்."

"ராஜா என்ன தோசை சுடவா போகிறார்?" என்று சீறினார் வல்லபராயர். "வருகிறவன் முதலில் எதைப் பார்ப்பான்? கொட்டகையை! சொந்தமாக ஒரு கட்டைவண்டிகூட இல்லாத உனக்குக் கொட்டகையைப் பற்றி என்னய்யா தெரியும்?"

"சரி, கொட்டகையைப் பற்றியே பேசுவோம்" என்றார் ராஜா. "நாளை சூரியன் சாய்வதற்குள் இந்தக் கொட்டகையில் ஒரே ஒரு குறை காட்டு. நீ சொல்கிற வீட்டையே வாங்குகிறேன். காட்டாவிட்டால் கோட்டைக்குள் இருக்கும் உன் வீடு மந்திரிக்கு."

வல்லபராயர் மீசைக்குள் சிரித்துக்கொண்டார். அம்பலத்தாடி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கற்கண்டாக இனிக்கும். அதன்மேல் அவருக்குப் பத்து வருஷமாக ஒரு கண்.

அம்பலத்தாடி வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். அவன் மனைவி மங்களவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். "அடுப்பங்கரை யாருக்குச் சின்னதாக இருந்தால் உமக்கென்ன? இப்போது நம் அடுப்பே தெருவுக்கு வரப்போகிறதே!" அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் ஓடிப்போய்க் கொட்டகையின் சுவரைத் தட்டிப் பார்த்தான், கதவை ஆட்டிப் பார்த்தான். எல்லாம் இரும்புபோல் இருந்தது. பிறகு வாசலில் வந்து நின்று, உள்ளே கோடியில் இருந்த சுவரையே வெகுநேரம் பார்த்தான். மெல்ல அவன் முகம் தெளிந்தது.

பிற்பகலில் ராஜா வந்தார். "குறை கிடைத்ததா?"

"மகாராஜா, நேற்று நீங்கள் நடந்து போய்ப் பார்த்தீர்கள். ரதத்தோடு ஒருமுறை உள்ளே போனால்தானே கொட்டகையின் அருமை தெரியும்?"

"பேஷ்!" என்றார் வல்லபராயர்.

ரதம் கடகடவென்று உள்ளே போனது. நான்கு குதிரைகளின் மூக்குகளும் சுவரைத் தொட்டன. ராஜா அண்ணாந்து சரவிளக்கைப் பார்த்து மகிழ்ந்தார். "அற்புதம்! சரி, புறப்படு."

சாரதி அசையவில்லை. அவனுக்கு வியர்த்து ஊற்றியது. "மகாராஜா... ரதத்தைத் திருப்ப இடமில்லை. பின்னால்தான் தள்ள வேண்டும்."

எல்லோரும் ராஜாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வம்சத்து ராஜா ஏறிய ரதம் ஒரு சாண்கூடப் பின்னால் போகக் கூடாது. போர்க்களத்தில் ராஜாவின் பாட்டனார் செய்த சத்தியம் அது. பாதியில் ராஜா இறங்கி நடந்தாலும் சத்தியம் போச்சு. அரண்மனை முற்றம் மைதானம்போல் இருந்ததால் இதுவரை சிக்கல் வந்ததில்லை. வல்லபராயரோ பிறந்ததிலிருந்து பல்லக்கில் போகிறவர். பல்லக்குத் தூக்கிகள் நின்ற இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். ரதம் எப்படித் திரும்பும் என்று அவர் எங்கே கண்டார்?

"இரண்டடிதானே, யாருக்குத் தெரியப்போகிறது? தள்ளிவிடலாம்" என்றார் அவர்.

"தாராளமாக!" என்றான் அம்பலத்தாடி. "எதிரியின் ஆயிரம் யானைக்கும் அசையாத வம்சம், மந்திரியாரின் சுவரைக் கண்டு பின்வாங்கியது என்று நாளைக்கே கல்லில் வெட்டிவிடலாம்."

ராஜாவின் முகம் சிவந்தது. "பின்வாங்குவதா? நானா? முன்னால்தான் போவேன்! இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?"

வல்லபராயர் வாயைத் திறப்பதற்குள் அம்பலத்தாடியே பதில் சொன்னான். "மந்திரியார் குடியிருக்கும் வீடு, மகாராஜா. முதலில் அடுப்பங்கரை, அப்புறம் கூடம், அப்புறம் வாசல். அதைத் தாண்டினால் ராஜவீதி. நூல் பிடித்தாற்போல் நேர்வழி!"

"கூப்பிடு பட்டத்து யானையை!"

வல்லபராயர் ரதச் சக்கரத்தைக் கட்டிக்கொண்டு அலறினார். "வேண்டாம் மகாராஜா! கொட்டகையில் குறை இருக்கிறது! நுழைய வழி வைத்த நான் வெளியே போக வழி வைக்கவில்லை. பெரிய குறை! என் வாயாலேயே ஒப்புக்கொள்கிறேன்!"

"நான் காட்ட வேண்டிய குறையை மந்திரியாரே காட்டிவிட்டார், மகாராஜா. என் வீடு பிழைத்தது" என்றான் அம்பலத்தாடி.

"பிழைத்தது. பழைய வீட்டையே வாங்குகிறேன்" என்றார் ராஜா.

வல்லபராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "அப்படியானால் யானை வேண்டாமல்லவா?"

"அதெப்படி?" என்றார் ராஜா. "நான் இன்னும் உள்ளேதானே இருக்கிறேன்?"

யானை வந்தது. சுவர் விழுந்தது. அடுப்பங்கரைச் சுவர், கூடத்துச் சுவர், வாசற்கால் எல்லாம் போயின. மந்திரியின் மனைவி கரண்டியும் கையுமாக ஓரத்தில் ஒதுங்கி நிற்க, ராஜா போகிறபோக்கில் தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்துக் கடித்தபடி ராஜவீதிக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி அம்பலத்தாடியிடம் எறிந்தார்.

புழுதி அடங்கியதும், இடிபாட்டின் நடுவே குந்தியிருந்த வல்லபராயரிடம் போனான் அம்பலத்தாடி.

"வருத்தப்படாதீர்கள், மந்திரியாரே. ஏரிக்கரையிலேயே பெரிய ரதக்கொட்டகை இனிமேல் உங்களுடையதுதான். வருகிறவன் முதலில் அதைத்தானே பார்ப்பான்?"